களிமண்ணில் கைவைத்துப் பார்ப்போமா? ஜப்பானியக் கைவனைதல் தரும் நன்மைகளும் அவதானிக்க வேண்டியவையும்

காலை ஒன்பது மணி. பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வீட்டில் அம்மம்மா மட்டும். சமையல் பத்தரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாலை மூன்றரை மணிவரை தொலைக்காட்சி, கொஞ்சம் தூக்கம், ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சிட்னியிலும் மெல்பேணிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதுதான் தினசரி நிலைமை. வெளியே போகலாம் என்றால் கார் ஓட்டத் தெரியாது. போனாலும் யாரோடு என்ன கதைப்பது என்ற தயக்கம். விரல் மூட்டுகள் காலையில் விறைத்துப் போயிருக்கும். "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இப்படியான மூத்தோருக்கும், அலுவலகத்தில் நாள் முழுதும் கணினித் திரையைப் பார்த்துக் களைத்துப் போகும் இளையோருக்கும் பயன்படக்கூடிய ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம். சக்கரம் இல்லாமல், கையால் மட்டுமே களிமண் பாத்திரம் வனையும் ஜப்பானிய முறை அது. ஆங்கிலம் அதிகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். ஆனால் எல்லாப் பயிற்சிகளையும் போல இதிலும் சில அவதானங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

கையால் வனைவது என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் இதற்குத் தெபினெரி என்று பெயர். இதில் அடிப்படையான முறைகள் மூன்று.

முதலாவது, உருண்டையிலிருந்து வனைவது. தோடம்பழம் அளவு களிமண் உருண்டையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் பெருவிரலை நடுவில் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே சுவரை மெல்லியதாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு சிறிய கிண்ணம் உருவாகிவிடும். முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது, திரி அடுக்கி வனைவது. சின்ன விரல் பருமனில் களிமண்ணை உருட்டித் திரியாக்கி, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளும் புறமும் விரலால் இழைத்து ஒட்டவைப்பார்கள். முறுக்குப் பிழிந்து பழகிய கைகளுக்கு இது புதிதாக இருக்காது. பூச்சாடி போன்ற உயரமான பொருட்களை இப்படித்தான் செய்வார்கள்.

மூன்றாவது, தகடாக வெட்டி வனைவது. இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் களிமண்ணை வைத்து, ரொட்டிக்கு மா உருட்டுவதுபோலக் கட்டையால் உருட்டினால் ஒரே தடிப்பான தகடு கிடைக்கும். அதிலிருந்து தட்டுகளும் சதுரக் கிண்ணங்களும் செய்யலாம்.

செய்த பொருளை மெதுவாகக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். பொலித்தீன் பை போட்டு மூடி, ஒரு கிழமையோ அதற்கு மேலோ காயவிடுவார்கள். பிறகு சுமார் 1,000 பாகை செல்சியஸில் ஒரு முறையும், மெருகு பூசி 1,200 பாகைக்கு மேல் இன்னொரு முறையும் சூளையில் சுடுவார்கள். காய்ந்து சுட்டு முடிந்ததும் பாத்திரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். சூளை வேலையைப் பயிற்சி நிலையமே பார்த்துக்கொள்ளும்.

அலங்கரிக்கும் முறைகள்

ஈரம் பாதி காய்ந்து, தோல் போல இறுகிய பதத்தில்தான் அலங்காரம் தொடங்கும். ஹகெமே என்பது வெள்ளைக் களிமண் குழம்பைத் தூரிகையால் வேகமாக இழுத்துப் பூசுவது. வைக்கோலால் கட்டிய தூரிகையைப் பயன்படுத்துவதால் அதன் கோடுகள் அப்படியே தெரியும். குஷிமே என்பது சீப்புப் போன்ற கருவியால் கோடு இழுப்பது. கொஹிக்கி என்பது பாத்திரம் முழுவதையும் வெள்ளைக் குழம்பில் தோய்த்து எடுப்பது. மிஷிமா என்பது கூரிய கருவியால் கோலம் கீறி அல்லது அச்சுப் பதித்து, அந்தப் பள்ளங்களில் வேறு நிறக் களிமண் குழம்பை நிரப்பி, மேலே உள்ளதைச் சுரண்டி எடுப்பது. கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு மிஷிமா மிகவும் பிடித்துப்போகும். புள்ளிக் கோலம் ஒன்றை ஒரு தட்டில் கீறி, வெள்ளைக் குழம்பு நிரப்பினால் அது அழியாத கோலமாகிவிடும்.

இவற்றில் ஹகெமேயும் மிஷிமாவும் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவை. 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியாமீது படையெடுத்த காலத்தில், கொரியக் குயவர்கள் பலர் கட்டாயமாக ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற அரித்தா, ஹகி, சத்சுமா மட்பாண்டங்களுக்கு அவர்களே வழிவகுத்தார்கள். ஊரை விட்டுப் பிரிக்கப்பட்ட மனிதர்கள் கையில் இருந்த தொழிலைக் கைவிடவில்லை என்பது நமக்குப் புரியாத கதையல்ல.

கையால் வனைந்த பாத்திரத்துக்கு ஜப்பானில் பெரும் மதிப்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியோத்தோ நகரில் சோஜிரோ என்ற கைவினைஞர், தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்யுவின் விருப்பத்துக்கு ஏற்பச் சக்கரம் இல்லாமலே கிண்ணங்கள் செய்தார். ராக்கு எனப்படும் அந்த மரபு இன்றும் அதே குடும்பத்தில் தொடர்கிறது. விளிம்பு சற்று வளைந்திருப்பதும் விரல் தடம் தெரிவதும் அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. "எனக்குக் கலை வராது" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

நமக்கும் பழக்கமான தொழில்தான்

களிமண் தமிழருக்கு அந்நியமானதல்ல. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளும், கீழடியில் கிடைத்த கீறல் எழுத்துள்ள பானை ஓடுகளும் அதற்குச் சான்று. தமிழ்நாட்டில் ஐயனார் கோவில்களுக்கு வேளார் செய்யும் ஆளுயரத்துக்கும் மேலான மண் குதிரைகள் திரியை அடுக்கிக் கையால் கட்டப்படுபவை. பானையின் அடிப்பகுதியைக் கையாலும் பலகையாலும் தட்டித் தட்டி மெல்லியதாக்கும் முறை நம் ஊர்க் குயவர்களிடம் உண்டு.

ஜப்பானிய முறை தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பொட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஸ்மித் ஜப்பானின் பிசென் என்ற இடத்தில் மட்பாண்டம் பயின்றவர். அங்கே பயின்ற இந்தியக் கலைஞர்கள் இன்று நாடு முழுவதும் வேலை செய்கிறார்கள்.

சிட்னியில் வளர்ந்த ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் கொழும்பில் பிறந்து, மறு ஆண்டே சிட்னிக்கு வந்த இவர், கையால் கட்டும் பெரிய களிமண் சிலைகளுக்காக அறியப்பட்டவர். 2015இல் சிட்னி மையர் நிதியத்தின் அவுஸ்திரேலிய மட்பாண்டக் கலை விருதைப் பெற்றார். களிமண் வேலை ஒரு "வேலையா" என்று கேட்கும் பெற்றோர் இவர் பெயரை ஞாபகம் வைத்திருக்கலாம்.

போர்க் கைதி ஒருவர் ஜப்பானுக்குப் போன கதை

அவுஸ்திரேலியாவில் இந்தக் கலை வேர்விட்டதற்குக் காரணமானவர்களில் ஒருவர் பீட்டர் ரஷ்ஃபோர்த். 1920இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க் கைதியானார். சாங்கி முகாமிலும், பின்பு பர்மா - தாய்லாந்து ரயில் பாதையிலுமாக மூன்றரை ஆண்டுகள் கழித்தார். நம்மவர் சயாம் மரண ரயில் என்று சொல்வது இதைத்தான். 2,800க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியக் கைதிகள் அங்கே இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் அதே பாதையில் மாண்டார்கள். மலேசியாவிலிருந்து வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் அந்த நினைவு உண்டு.

உயிரோடு திரும்பிய ரஷ்ஃபோர்த் மெல்பேணில் மட்பாண்டம் கற்கத் தொடங்கினார். 1951 முதல் சிட்னியில் கற்பித்தார். 1956இல் நியூ சவுத் வேல்ஸ் குயவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1963இல், தன்னைச் சிறைப்பிடித்த நாட்டுக்கே போய், அங்குள்ள குயவர்களிடம் கற்றுக்கொண்டு வந்தார். பல தலைமுறை மாணவர்களை உருவாக்கி, 2015இல் காலமானார். 1960களில் சிகா சிகெயோ போன்ற ஜப்பானியக் குயவர்களும் சிட்னிப் பகுதிக்கு வந்து வேலை செய்தார்கள். மெல்பேணில் ஸ்லோ கிளே சென்ரரைத் தொடங்கிய ஜேன் சோயரும் ஜப்பானில் பயின்றவரே. இன்று நம் புறநகர்களில் ஜப்பானிய முறையைச் சாதாரணமாகக் கற்க முடிவதற்குப் பின்னால் இத்தகைய மனிதர்கள் இருக்கிறார்கள்.

களிமண் போரின் காயத்தை ஆற்றும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது அவ்வளவு எளிதல்ல என்பது நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். இரவில் தூக்கமின்மை, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருதல், திடீர்ச் சத்தத்துக்கு நடுங்குதல் போன்றவை இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் உதவி தேவை. நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ் அமைப்பும், விக்ரோறியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் அமைப்பும் போரிலும் சித்திரவதையிலும் தப்பி வந்தவர்களுக்காகவே 1980களின் இறுதியில் தொடங்கப்பட்டவை. கைவேலை அந்த உதவிக்குத் துணையாக இருக்கலாம். அதற்குப் பதிலாகாது.

மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 39 பேர் 45 நிமிடங்கள் களிமண், வர்ணப் பேனா, ஒட்டுச் சித்திரம் ஆகியவற்றில் விரும்பியதைச் செய்தார்கள். முன்னும் பின்னும் அவர்களது உமிழ்நீரில் கோர்டிசோல் என்னும் மன அழுத்தச் சுரப்பு அளக்கப்பட்டது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் இது சிறிய ஆய்வு. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அதே 2016இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் 702 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஆண்டுக்கு 100 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல், அதாவது கிழமைக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், ஏதாவது ஒரு கலையில் ஈடுபட்டவர்களின் மனநலம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. கலையால் மனநலம் வந்ததா, மனநலம் உள்ளவர்கள் கலைக்குப் போனார்களா என்பதை இந்த ஆய்வு தீர்மானிக்கவில்லை. ஆனாலும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்பது நம்மால் எட்டக்கூடிய இலக்குத்தான்.

விரல்களைப் பொறுத்தவரை, கிள்ளுவது, அழுத்துவது, உருட்டுவது எல்லாமே மூட்டுகளை அசைக்கும் வேலைகள். ஆனால் இது கை இயன்மருத்துவரின் பயிற்சிக்கு ஈடாகாது. வேலை முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் கைவலி அதிகமாகவே இருந்தால், அளவுக்கு மிஞ்சிச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

நம்மவரிடையே நீரிழிவு அதிகம். அது விரல் மூட்டுகளை இறுக்கும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் விறைப்பதும், தோள்மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவதும் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். கைகளில் விறைப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால் முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டிவிட்டு வகுப்பில் சேருங்கள்.

வகுப்பு இரண்டு, மூன்று மணித்தியாலம் நீடிக்கும். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் போக வேண்டாம். ஜெலி பீன்ஸ் சில கைப்பையில் இருக்கட்டும். கையில் வெட்டுக் காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். வகுப்பு முடிந்ததும் கையை நன்கு கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, கிறீம் பூசுங்கள். களிமண் தோலின் ஈரப்பசையை உறிஞ்சிவிடும். வெடித்த தோல் கிருமிக்கு வாசல்.

தூசியில்தான் கவனம்

ஈரமான களிமண்ணால் ஆபத்து இல்லை. காய்ந்த களிமண் தூசிதான் ஆபத்து. அதில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதற்குத் தீர்வான மருந்து இல்லை. குசினி மேடைகளுக்குப் பயன்பட்ட செயற்கைக் கற்பலகைகளை 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா தடை செய்தது இந்தத் தூசிக்காகவே. அவற்றை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். கிழமைக்கு ஒரு வகுப்புக்குப் போகிறவருக்கு அவ்வளவு தூசி படாது. ஆனாலும் பழக்கங்களை முதலிலிருந்தே சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

* மேசையையும் தரையையும் ஈரத் துணியால் துடையுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம்.
* காய்ந்த பாத்திரத்தை உரைகடதாசியால் தேய்க்காதீர்கள். மிஷிமாவில் மேற்பூச்சைச் சுரண்டுவதையும் ஈரம் முற்றாகக் காய முன்பே செய்துவிடுங்கள்.
* மேலங்கியை உதறாமல் அடிக்கடி துவையுங்கள்.
* மெருகுத் தூளை நீங்களே கரைப்பதானால் பி2 வகை முகக்கவசம் அணியுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.
* சூளை எரியும் அறைக்குள் நிற்காதீர்கள்.
* ஆஸ்துமா உள்ளவர்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, மருந்துக் குழலையும் கொண்டுபோங்கள்.
* குசினியிலிருந்து எடுத்துப்போன கரண்டி, முறுக்கு உரல் போன்றவை திரும்பவும் சமையலுக்கு வரக்கூடாது.

சாப்பிடவும் குடிக்கவும் பாத்திரம் செய்வதானால், பூசும் மெருகு உணவுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். ஈயம் கலந்த மெருகு வேண்டவே வேண்டாம். குறைந்த வெப்பத்தில் சுட்டுப் புகையில் கறுக்கவைக்கும் ராக்கு வகைப் பாத்திரங்கள் இங்கே பல வகுப்புகளில் செய்யப்படுகின்றன. அவற்றை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த பாத்திரத்தைத் தங்கத் தூளால் ஒட்டும் கின்சுகி வகுப்புகளும் இப்போது நடக்கின்றன. பாரம்பரிய கின்சுகியில் பயன்படும் உருஷி என்ற மரப்பால், மாமரம், முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்னவாகும் என்பது ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாம்பால் பட்டாலே வாயோரம் புண்ணாகிறவர்கள் உருஷியைத் தொட வேண்டாம். வகுப்பில் உருஷியா, சாதாரணப் பசையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகும் மணிக்கட்டும்

களிமண்ணைப் பிசையும்போது மணிக்கட்டால் அழுத்தாமல், உயரம் குறைந்த மேசையில், நின்றுகொண்டு, உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பிசைய வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கடையில் இயந்திரத்தால் பிசைந்து விற்கும் களிமண்ணையே வாங்கலாம். பெரிய பையைத் தூக்காமல், கம்பியால் அறுத்துத் தேவையான அளவை மட்டும் எடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை விரித்து, தோளைச் சுழற்றி ஓய்வெடுங்கள்.

எங்கே கற்கலாம்?

விக்ரோறியாவில் உங்கள் பகுதி நெய்பர்ஹூட் ஹவுஸிலும், நியூ சவுத் வேல்ஸில் கொமியூனிற்றி கொலிஜ்களிலும் முதலில் விசாரியுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கான யூ3ஏ அமைப்புகள் அவுஸ்திரேலியாவில் 1984இல் மெல்பேணில் தொடங்கியவை. சில கிளைகளில் கைவேலை வகுப்புகளும் உண்டு, கட்டணமும் குறைவு. கையால் வனையும் வகுப்பு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சக்கர வகுப்பில் முதுகைக் குனிந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். வகுப்பைப் பற்றி விசாரிப்பதைப் பிள்ளைகள் செய்து கொடுத்தால் நல்லது. முதல் நாள் கூடவே போய் இருந்தால் இன்னும் நல்லது. தனியாகப் போகத் தயங்குபவர்கள் இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. மனம் இரண்டு கிழமைக்கு மேல் சோர்ந்தே இருந்தால், எதிலும் விருப்பமில்லாமல் போனால், பசியும் தூக்கமும் குறைந்தால், அதைக் கைவேலையால் சமாளிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் மனநலத் திட்டம் ஒன்று எழுதித் தரும்படி கேட்கலாம். மெடிகெயர் உதவியோடு ஆண்டுக்குப் பத்துத் தடவைவரை மனநல ஆலோசகரைப் பார்க்க அது வழிசெய்யும். ஆங்கிலத்தில் கதைக்கச் சிரமமானால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உடனடி ஆறுதல் தேவைப்பட்டால் லைஃப்லைன், 13 11 14, இரவு பகலாக இயங்குகிறது.

முதல் கிண்ணம் கோணலாகத்தான் வரும். அதை மறைத்து வைக்காமல் மேசையில் வையுங்கள். பாடசாலையிலிருந்து வரும் பேரப்பிள்ளை "இது யார் செய்தது?" என்று கேட்கும். அம்மம்மாவுக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையைக் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)